சாயம் போன கவர்னர்

1968ஆம் வருஷம் வைகாசியில், கருட சேவையன்று காலையில், பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் அப்பாதுரையின் வீட்டு நாய்க்குச் சாயம் போயிற்று. வரதராஜப் பெருமாள் கருடன் மேல் ஏறிச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரத்துக்குள் வந்துகொண்டிருந்தார். கங்கைகொண்டான் மண்டபத்துப் பக்கம் அதிர்வேட்டு போட்டார்கள். முதல் வேட்டுக்கு நாயின் காதுகள் வெளுத்தன. அடுத்த வேட்டுக்குக் கழுத்திலிருந்த நிறம் கலங்கி வயிற்றுப் பக்கம் இறங்கியது. பிறகு தொடர்ந்து வெடித்ததில் நான்கு கால் வழியாகவும் ஒழுகித் தரையில் தேங்கி, வாசற்படி தாண்டித் தெருச் சாக்கடையில் போய்க் கலந்தது. வெடி ஓய்ந்தபோது, நெய்பவர் காலைத் தொங்கவிடும் தறிக்குழிக்குள் நடுங்கிக்கொண்டு நின்றது, சாயம் ஏற்றாத கோராப் பட்டு மாதிரி வெளேரென்று ஒரு நாய்.

தெருவில் யாரும் பதறவில்லை. சாயம் போவதைப் பார்த்திராத தெரு அல்ல அது. தண்ணீரில் போகும், வெயிலில் போகும், வியர்வையில் போகும். வெடியில் போவது புதிது, அவ்வளவுதான். போனது என்ன கலர் என்பதில்தான் தகராறு வந்தது. பாக்குக் கலர் என்றார்கள் சிலர். எதிர்வீட்டு ஏலவார்குழலி வெங்காயச் சருகு என்று அடித்துச் சொன்னாள். மத்தியானம் வரை வாதாடி வெங்காயச் சருகு என்று முடிவு செய்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அப்பாதுரையின் மனைவி அம்சவேணி மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாமல் ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததைப் பிழிந்து கொட்டக் கை வரவில்லை. கொட்டினால் அது நாயல்லவா? ஒரு செம்பில் பிடித்துத் தறிக்குழி ஓரமாக வைத்தாள். மறுநாள் விடிந்தபோது செம்புத் தண்ணீர் தெளிந்திருந்தது. நாயின் முதுகில் லேசாக நிறம் ஏறியிருந்தது. ஆனால் சாக்கடையில் கலந்தது கலந்ததுதான். அது திரும்பவில்லை.

அந்த நாய் அவர்களிடம் வந்தது அதற்கு முந்தைய வருஷம், தேர்தல் முடிவு வந்த அன்று. ஜெயித்த கட்சிக்காரர்கள் தெருத் தெருவாக வெடி போட்டுக்கொண்டு போனார்கள். அந்தக் குஷியில் யாரோ ஒரு குட்டி நாயின் வாலில் சரவெடியைக் கட்டிக் கொளுத்திவிட்டான். அது ஓடிய ஓட்டத்தில் திறந்திருந்த கதவெல்லாம் தாண்டிக் கடைசியில் அம்சவேணியின் தறிக்குழிக்குள் வந்து விழுந்தது. வாலின் நுனி கருகிப்போயிருந்தது. அம்சவேணி விளக்கெண்ணெய் தடவி, கிழிந்த புடவைத் துணியில் சுற்றிக் காலடியில் போட்டுக்கொண்டாள். மகளை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் புருஷன் பெண்சாதி இரண்டு பேர்தான். அப்பாதுரை புடவையின் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவது அம்சவேணியின் வேலை. சமையல், தண்ணீர், பட்டு இழைத்தல் எல்லாம் அதற்கு மேல். இத்தனைக்கும் நடுவில் குழிக்குள் நாய் மட்டும் எந்த வேலையும் இல்லாமல் ஜம்மென்று உட்கார்ந்திருந்ததால் அப்பாதுரைதான் அதற்குக் கவர்னர் என்று பெயர் வைத்தார்.

சாயம் போன கவர்னரை என்ன செய்வது என்று அம்சவேணி கேட்டதற்கு ஏலவார்குழலி சிரித்தாள். "இன்னா யக்கா இது, இந்த ஊர்ல சாயம் போனா எங்க எடுத்துக்கினு போவாங்க? கண்ணாயிரம் அண்ணன் பட்டறைக்குத்தான்." காஞ்சிபுரத்தைத் தவிர வேறெந்த ஊரிலும் அந்த யோசனை யாருக்கும் தோன்றியிருக்காது. அங்கே அதைத் தவிர வேறு யோசனை தோன்றவில்லை. சாயப்பட்டறைக் கண்ணாயிரம் நாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெங்காயச் சருகு நிற்காது, அரக்குதான் நிற்கும் என்றார். "கெட்டிச் சாயம் தங்கச்சி. பத்து தீவாளிக்குத் தாங்கும். போனா என்னைக் கேளு." ஆறவைத்த சாயத்தில் கவர்னரை முக்கி எடுத்து நிழலில் உலர்த்தினார்கள். ஒரு வாரம் தெருவெல்லாம் வந்து பார்த்தது. கல்யாணப் புடவை மாதிரி இருக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் நாய் சாயத்தை நக்கி நக்கி வாந்தி எடுத்தது. அக்குளிலும் வயிற்றிலும் தோல் வெந்து புண்ணாயிற்று. அந்தத் தீபாவளிக்கு முதல் வெடி வெடித்ததுமே அரக்கு ஒரே மூச்சில் இறங்கிவிட்டது. அதன் பின்னாலேயே கொஞ்சநஞ்சமிருந்த வெங்காயச் சருகும் போயிற்று. கடைசியில் வெளுப்பும் போய், நாயின் வயிற்றுக்குள்ளாகத் தறியின் மிதிப்பலகை தெரிந்தது. கண்ணாயிரம் வந்து பார்த்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பிப் போனார்.

மறுநாளே அம்சவேணி நாயைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். கூரத்திலிருந்து காளைக்கு ஊசி போட வந்திருந்த ஒருவர் அவளுக்கு முன்னால் நின்றிருந்தார். "நாய்க்கெல்லாமா டாக்டரு? பால் கறக்குமா யம்மா அது?" என்று கேட்டார். "உம்மாட்டுக்குச் சாயம் போனாத்தான் உனக்குத் தெரியும்பா" என்றாள் அவள். அவர் தம் காளையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றார்.

டாக்டர் பராங்குசம் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். மாவட்டம் முழுக்க மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக் களைத்துப்போனவர். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். நாயின் வாயைத் திறந்து பார்த்தார். காதுக்குள் பார்த்தார். கண்ணாடியாயிருந்த வயிற்றைத் தொட்டு அமுக்கினார்.

"எந்தச் சத்தத்துக்கு இப்படி ஆறது?"

"வெடிச் சத்தத்துக்குங்க. கருட சேவைக்குத்தான் மொதல்ல போச்சு."

"சாயம் யார் போட்டா?"

அம்சவேணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இனிமே போடாதீங்கோ. தோலுக்குக் களிம்பு தரேன். வயித்துல பூச்சி இருக்கு, அதுக்கு மருந்து இருக்கு. ஈரல் குடுங்கோ, ரத்தம் ஊறினா நிறமும் கொஞ்சம் ஊறும். பயத்துக்குத்தான் என்கிட்ட சீசா மருந்து கிடையாது. அதுக்கு வீட்ல பொறுமையா பழக்கணும்." சின்னச் சத்தத்தில் ஆரம்பிக்க வேண்டும், சத்தம் வரும்போதெல்லாம் தின்பதற்கு ஏதாவது கொடுக்க வேண்டும், அது பழகிய பிறகு கொஞ்சம் பெரிய சத்தம் என்று விளக்கினார். மாசம் ஒரு தடவை அழைத்து வரச் சொன்னார். கிளம்பும்போது கூப்பிட்டு நிறுத்தினார். "முக்கியமா ஒண்ணு. வெடி போடறச்சே நீங்க அசரப்படாது. துளிக்கூட அசரப்படாது."

டாக்டரின் தெருவில் அசருவது என்றால் கலங்குவது. எதற்கும் அசராதவர் என்று அங்கே பெரிய மனிதர்களைச் சொல்வார்கள். பிள்ளையார்பாளையத்தில் அசருவது என்றால் கண்ணயருவது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தறியில் உட்கார்ந்தபடியே அசந்துபோய் இழையை அறுப்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. நீ தூங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக அம்சவேணி புரிந்துகொண்டாள். வெடி எப்போது வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? கல்யாணத்துக்கு வெடிக்கிறார்கள், சாவுக்கு வெடிக்கிறார்கள், கட்சி மீட்டிங்குக்கு வெடிக்கிறார்கள். ஆகவே அன்றையிலிருந்து அவள் தூங்குவதை விட்டுவிட்டாள்.

சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். களிம்பில் புண் ஆறியது. பூச்சி விழுந்தது. ஈரல் தின்று நாய் சதை போட்டது, நிறமும் ஊறியது. டம்ளரைத் தட்டி ஒரு துண்டு பொறை ரொட்டி, தாம்பாளத்தைத் தட்டி ஒரு துண்டு பொறை என்று பழக்கினாள். அப்பாதுரையும் நெய்கிற நடுவில் அச்சுப்பலகையை வேண்டுமென்றே ஓங்கி அடித்துவிட்டு, "கவர்னரே, எப்படி?" என்று எட்டிப் பார்ப்பார். வருஷம் திரும்புவதற்குள் பஸ் ஹாரனுக்கும் தகரம் விழுவதற்கும் தீபாவளிப் பட்டாசுக்கும் கவர்னரின் ஒரு மயிர்கூட வெளுக்கவில்லை. அதிர்வேட்டு மட்டும் ஆகவில்லை. வைகாசி பிறந்ததும் அம்சவேணி வாசற்படியிடுக்கில் பழந்துணியைத் திணிப்பாள், ஒழுகுகிற நிறம் சாக்கடைக்குப் போய்விடாதபடி. பிறகு நாயை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, விரித்த கண் விரித்தபடி, அசராமல் உட்காருவாள். பெருமாள் வருவதற்கு முந்தைய நாளே அவள் உடம்பு முறுக்கிய பட்டிழை மாதிரி விறைத்துவிடும். நாய் அவள் முகத்தை அண்ணாந்து பார்க்கும். பார்த்தவுடனே அதற்குக் காது வெளுக்க ஆரம்பிக்கும். வெடியே இன்னும் வெடித்திருக்காது.

1970இல் ஊரை விட்டே போய்விடுவது என்று முடிவு செய்து, கருட சேவைக்கு முதல் நாள் நாயோடு மகள் வீட்டுக்கு பஸ் ஏறினாள். வாலாஜாபாத்தில் இறங்குகிற நேரம் பார்த்து ரைஸ் மில்லில் சங்கு ஊதினார்கள். அந்தச் சத்தத்துக்கு நாயைப் பழக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. பக்கத்து சீட்டுக் கட்சிக்காரரின் வேட்டி முழங்காலுக்குக் கீழே வெங்காயச் சருகாகிவிட்டது. அவர் எழுந்து நின்று பார்த்தார். "ஏம்மா, கரை வேட்டியைக் கறை வேட்டியாக்கிட்டியே!" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அம்சவேணி சிரிக்கவில்லை. அந்த வேட்டியோடு போன நிறம் திரும்பாது என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு கவர்னர் வெங்காயச் சருகு அல்ல. பாலில் டிகாஷன் ரெண்டு சொட்டு விட்டது மாதிரி ஒரு நிறம்.

அதற்கு அடுத்த வருஷம் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்தார். நாய் மண்டபத்துக் கல் யானை மாதிரி அசையாமல் தூங்கியது. நிறம் மட்டும் வெடிச் சத்தத்தைக் கேட்டு எழுந்து தானாக இறங்கிப் போயிற்று. 1972 கருட சேவையில் கண்ணும் நாக்கும் தவிர எல்லாம் கண்ணாடியாகிவிட்டது. தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் ஒரு நாக்கு தொங்கி இளைத்துக்கொண்டிருந்தது. அம்சவேணி கையால் தடவித் தடவி உடம்பு எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்துத் துணியைப் போர்த்தினாள். நிறம் பழையபடி ஏற ஆவணி ஆயிற்று. டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் களைத்திருக்கிறது, இன்னொரு தரம் இப்படிப் போனால் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அவளுக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. இன்னும் கவனமாக விழித்திருக்கத் தொடங்கினாள்.

நான்கைந்து வருஷமாகத் தூங்காத ஒருத்தி தெருவில் இருக்கிறாள் என்பதும் பழகிப்போய்விட்டது. விடியற்காலை ரயிலுக்குப் போக வேண்டியவர்கள் அம்சவேணியிடம் எழுப்பச் சொல்லிவிட்டுப் படுத்தார்கள். பால் பொங்குகிறதா பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். அவள் கண் குழிந்தது, தலை நரைத்தது. கரை நாடாவைத் தள்ளும்போது இழை தப்பியது. "நாய்க்குச் சாயம் போவுது, உனக்கு உசிரு போவுது. ரெண்டும் ஒண்ணா போய்ச் சேரப்போறீங்க யக்கா" என்றாள் ஏலவார்குழலி. அப்பாதுரை அதைக் கேட்டுக்கொண்டே தப்பிய இழையைப் பிரித்துத் திரும்ப நெய்தார்.

1973 சித்திரைக் கடைசியில் அவள் மாட்டாஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் இரண்டு முறை கூப்பிட்டார். அவள் கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. அவர் எழுந்து வந்து முகத்துக்கு நேரே கையை ஆட்டிய பிறகுதான் திரும்பினாள்.

"நாய் நன்னாத்தான் இருக்கு" என்றார் டாக்டர், அதன் பல்லைப் பார்த்துவிட்டு. "உங்களுக்கு என்ன உடம்பு?"

"ஒண்ணுமில்லீங்க. தூக்கம்தான் இல்ல."

"ஏன்?"

"நீங்கதானே அசரக் கூடாதுன்னீங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். வெளியே ஒரு பசு கத்திக்கொண்டிருந்தது. அதையும் அவர் பார்க்கப் போகவில்லை. "ஐயோ, நான் தூங்கப்படாதுன்னா சொன்னேன்? பயப்படப்படாதுன்னுன்னா சொன்னேன்! அது வெடியைப் பார்த்தா பயப்படறது? உங்க மூஞ்சியைப் பார்த்துன்னா பயப்படறது. நீங்க பேசாம இருந்தா அதுவும் பேசாம இருக்கும்."

அம்சவேணி கோபப்படவில்லை. அதற்குத் தெம்பு வேண்டும். கொஞ்ச நேரம் நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

"அப்ப தூங்கலாங்களா?"

"தாராளமா தூங்குங்கோ."

ஆனால் தூங்கு என்றால் வந்துவிடுகிறதா? விட்டுப்போன பழக்கம் திரும்பவில்லை. பயப்படாதே என்று சொல்லிவிட்டதால் பயமும் போய்விடவில்லை. இந்தத் தடவை போனால் நாய் திரும்பாது. அதை நினைத்துக்கொண்டு பயப்படாமல் இருப்பது எப்படி என்று டாக்டர் சொல்லித்தரவில்லை. கருட சேவையன்று காலையிலும் அவள் வாசற்படியிடுக்கில் துணியைத் திணித்தாள். பக்கத்தில் செம்பை வைத்தாள். அன்றைக்கென்று தறியில் நீளவாட்டில் ஓடும் நூலான பழைய பாவு முடிந்திருந்தது. புதுப் பாவைப் பிணைக்க வேண்டும். பழைய பாவின் ஒவ்வோர் இழை நுனியோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. எல்லாம் ஒரே கலர், ஒரே பருமன். நன்றாகத் தூங்கி எழுந்தவர்களையே அந்த வேலை சாய்த்துவிடும் என்பது தறிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பாதுரைக்கும் தெரியும். ஆனாலும், "நீ பிணைச்சிக்கினு இரு அம்சா, நான் சேவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கவர்னர் அவள் காலடியில் படுத்திருந்தது. அவள் சாம்பலைத் தொட்டாள், முறுக்கினாள். தொட்டாள், முறுக்கினாள். மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்தது. அவள் நாயைப் பார்த்தாள். நாய் அவளைப் பார்த்தது. வலது காதின் நுனி வெளுத்துக் கண்ணாடியாகி, ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அம்சவேணி நாயைத் தூக்கக் குனிந்தாள். கையில் இருந்த இழையை முடித்துவிட்டுத் தூக்கலாம் என்று நினைத்தாள். அதை முறுக்கினாள். அடுத்ததையும் முறுக்கினாள். அதற்கடுத்த இழைக்குச் சாம்பலைத் தொட்ட விரல் அங்கேயே நின்றது. தலை பாவின் மேல் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. கங்கைகொண்டான் மண்டபத்தில் முதல் வேட்டு வெடித்தபோது அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

நாய் எழுந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. இன்னொரு வேட்டு வெடித்தது, ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. நாய் ஒரு கொட்டாவி விட்டது. பிறகு அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

சேவை முடிந்து அப்பாதுரை திரும்பியபோது வாசலில் தெருவே நின்றிருந்தது, உள்ளே போகாமல். கண்ணாயிரம் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் உள்ளே போயிருந்தார். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து, புடவையில் சாயம் பார்ப்பது போல நாயின் முதுகில் அழுத்தித் தேய்த்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது. "கெட்டி" என்றார், அவள் எழுந்துவிடாதபடி மெதுவாக.

அம்சவேணி அன்று எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. பாவிலிருந்து அவளை மெல்லப் பிரித்துப் பாயில் படுக்க வைத்தார்கள். உற்சவம் நடந்துகொண்டிருந்தது. தினமும் எங்கேயாவது வேட்டு வெடித்தது. நாய் பக்கத்திலேயே படுத்திருந்தது. ஏலவார்குழலி இரண்டு பேருக்கும் சோறு கொண்டுவந்தாள், நாய் தன் பங்கைத் தின்றது. அவள் பங்கை அப்பாதுரை தின்றார். மிச்சமிருந்த இழைகளை அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பிணைத்துக் கொடுத்தார்கள். அந்த வழியாக வந்த டாக்டர் பராங்குசம் நாயைப் பார்த்தார். அவளுக்கு நாடி பிடித்துப் பார்த்தார். தூக்கம்தான், நிலுவையில் இருந்தது வருகிறது, எழுப்பாதீங்கோ என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தேர் ஓடி நிலைக்கு வந்தது. தீர்த்தவாரி முடிந்து கொடி இறங்கியது. அதற்கு மறுநாள் காலையில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"வெடி போட்டுட்டாங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாம் போட்டு முடிச்சாச்சு, சாமியும் கோயிலுக்குப் போயிட்டாரு" என்றார் அப்பாதுரை. "காபி ஆறிப்போவுது, குடி."

கவர்னர் எழுந்து முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டுத் தெருவுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு அதற்கு நிறம் போகவில்லை. வலது காதின் நுனி மட்டும் கடைசிவரை கண்ணாடியாகவே இருந்தது. அதில் ஈ உட்கார்ந்தால் அந்தரத்தில் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். தெருவில் யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. என்ன கலர் என்று கேட்டால் சந்தனம் என்பார்கள்.